ஸ்பீக்கர் வயர் வாங்கும்போது

திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு முற்றத்துக் கோடியில் ஸ்பீக்கர் வைத்தோம். அம்ப்ளிஃபையரிலிருந்து 20 மீட்டர். கையில் கிடந்த, குறுக்குவெட்டு 0.5 சதுர மில்லிமீட்டர் உள்ள மெல்லிய வயரை இழுத்ததில் சத்தம் சோர்ந்துபோனது. போக 20, வர 20 என்று மின்சாரம் 40 மீட்டர் ஓட வேண்டும். அந்த வயரில் அதற்கு ஏறக்குறைய 1.4 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் பவரில் ஏழில் ஒரு பங்கு வயரிலேயே சூடாகப் போய்விடும், 4 ஓம் என்றால் கால்வாசி. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் தடை 0.28 ஓம்தான்.

இழை கூடினால் சத்தம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். செம்பின் மொத்தக் குறுக்குவெட்டு ஒரே அளவென்றால் தடையும் ஒரே அளவுதான். நிறைய மெல்லிய இழை இருந்தால் வயர் நன்றாக வளையும், அவ்வளவே.

வாங்குமுன் ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்புக்குள் வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம், தடை கூடுதல்.

அப்புறம், நம் திருகோணமலை உப்புக்காற்று! சீவிய முனை பச்சை பூத்துவிடும். பூத்த துண்டை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்குங்கள். முனைக்கு ஈயம் பூசினால் இன்னும் நல்லது.