சரளைப் பொட்டலிலிருந்து ராணுவக் கால்பந்து அணிக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் பந்து ஆடிப் பழகிய பையன் ராணுவ அணித் தேர்வுக்குப் போனால், பெரும்பாலும் முதல் தொடுதலில்தான் தோற்கிறான். மூச்சு இருக்கும், கால் வேகம் இருக்கும். வந்த பந்து மட்டும் காலில் பட்டு இரண்டு கஜம் எகிறிப் போகும். நம் மண் அப்படி. செம்புறாங்கல்லும் சரளையும் கலந்த பொட்டலில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் உள்ளங்காலை வைத்து அமுக்கி நிறுத்திவிட்டு, அப்புறம் யோசிக்கும் பழக்கம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்கிறது. புல்தரையில் நடக்கும் தேர்வில் இது ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். திருத்தப் பன்னிரண்டு வாரம் போதும். ஆனால் எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

எந்த வாசல்

வெளிநாட்டு ராணுவக் கிளப்புகளை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வரக்கூடாது. மொராக்கோ ராணுவத்தின் எஃப்.ஏ.ஆர். ரபாத் 1958 முதல் இருக்கும் கிளப். அந்நாட்டின் முதல்தர லீகில் ஆடுகிறது. ஈராக் விமானப்படையின் அல் குவா அல் ஜவியா 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று முறை ஆசியக் கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையை வென்றது. தென்கொரியாவின் கிம்சியோன் சாங்முவில், மற்ற கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் தங்கள் கட்டாய ராணுவ சேவைக் காலத்தில் வந்து ஆடிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

நம் நாட்டில் கிளப் ஒப்பந்தம், கையெழுத்துத் தொகை எதுவும் இல்லை. முதலில் சிப்பாய், பிறகு ஆட்டக்காரர். யூனிட் அணியில் தொடங்கி, ரெஜிமென்ட் மையம், கமாண்ட் என்று ஏறினால் மேலே ஆர்மி ரெட், ஆர்மி கிரீன் அணிகள். இவற்றோடு கடற்படை, விமானப்படை அணிகளிலிருந்தும் ஆள் பொறுக்கி, மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபிக்குப் போவதுதான் சர்வீசஸ் அணி. 1960-61-ல் முதல் முறை வென்ற அந்த அணி 2023-24-ல் கோவாவை 1-0 என்று வீழ்த்தியும் கோப்பையை எடுத்தது. 1888-ல் தொடங்கிய டூரண்ட் கோப்பையை நடத்துவதே முப்படைகள்தான். 2016-ல் அதை ஆர்மி கிரீன் வென்றது.

உள்ளே போக மூன்று வழி. 8 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பையனுக்கு பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி. படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பதினேழரை வயதில் படையில் சேர வேண்டும். இந்தக் கம்பெனிகள் எல்லா மையத்திலும் எல்லா விளையாட்டுக்கும் இல்லை. அறிவிப்பில் கால்பந்து என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாவது, பதினேழரை வயதுக்கு மேல் அக்னிவீர். எல்லோரையும் போல எழுத்துத் தேர்வு, உடல்தகுதி; விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் சலுகை. நான்கு ஆண்டு சேவை, அதன் முடிவில் கால்வாசிப் பேர்தான் நிரந்தரம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தேசிய, சர்வதேச அளவில் ஆடியவர்களுக்கான ஹவில்தார், நாயப் சுபேதார் பதவிகளில் நேரடிச் சேர்ப்பு. மேல் வயது வரம்பும், எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். 'ஜாயின் இண்டியன் ஆர்மி' இணையதளத்தில் வருவது ஒன்றே அறிவிப்பு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுகிறார். ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தரகர் கிடையாது.

காகிதங்களில் நம் ஊர்ப் பையன்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கா. முத்து', ஆதாரில் 'முத்து காளியப்பன்', விளையாட்டுச் சான்றிதழில் 'முத்து கே.' என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று ஆள் ஆகிவிடும். மார்க் ஷீட்டில் இருப்பதையே அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் குறைந்தது மூன்று மாதம் முன்பே திருத்துங்கள். பள்ளியிலிருந்து போட்டிக்குப் பெயர் அனுப்பும்போதே உடற்கல்வி ஆசிரியர் எழுத்துக்கூட்டைச் சரிபார்த்துவிட்டால் பாதித் தலைவலி தீரும். சான்றிதழ் பெரும்பாலும் கடைசி இரண்டு ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் வாங்கிய கேடயம் கணக்கில் வராது.

தரையும் பந்தும்

பயிற்சியைத் தை, மாசியில் தொடங்குவது நல்லது. அப்போதுதான் கண்மாய்களில் தண்ணீர் உள்வாங்கி, ஓரத்தில் அறுகு படர்ந்திருக்கும். செட்டிநாட்டில் இலவசமாகக் கிடைக்கும் புல்தரை அது ஒன்றுதான். 40 மீட்டருக்கு 25 மீட்டர் இடம் போதும். நடந்து பார்த்து, குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்காத இடமாகத் தேர்ந்தெடுங்கள். சேறு காயாத இடத்தில் ஓடினால் பின்தொடைச் சதை பிடித்துக்கொள்ளும். சித்திரை பிறந்ததும் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் விரல் நுழைந்தால் அன்றோடு அங்கே ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். கணுக்கால் சுளுக்கு ஆறு வாரத்தைத் தின்றுவிடும்.

இறங்கும் முன் இரண்டு பேர் வரிசையாக நடந்து சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்க வேண்டும். பந்தின் பிளாடரை அது ஓட்டை போடுவது ஒரு பக்கம். தேய்ந்த ஷூவின் அடியைத் துளைத்து உள்ளே முறிந்துவிட்டால் பாதம் சீழ்பிடிக்கும். முள் ஏறிய அன்றே எடுத்துவிட்டு டி.டி. ஊசி விஷயத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பந்து 5-ம் எண். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். காற்றைக் கையால் அமுக்கிப் பார்த்து அடைப்பதை விட்டுவிட்டு, பம்போடு ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். கட்டாந்தரையில் 8.5 முதல் 9 பி.எஸ்.ஐ., புல்லில் 11. பொட்டலில் 12 வைத்து ஆடினால் பந்து ரப்பர் பந்து போலத் துள்ளும். கற்றுக்கொள்வது எல்லாம் தப்பாகவே போகும். வெயிலில் கிடந்த பந்தில் காற்றழுத்தம் ஏறிவிடும் என்பதால் நிழலில் வைத்து அளக்க வேண்டும். ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவாமல் குத்தினால் வால்வு கிழியும்.

ஷூ இரண்டு ஜோடி தேவை. சரளைக்குச் சின்னச் சின்னக் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ. புல்லுக்கு அடியில் வார்ப்பு ஸ்டட், அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய குமிழ் வைத்தது. ஸ்டட் ஷூவைப் பொட்டலில் போட்டால் முழு எடையும் நாலைந்து புள்ளியில் இறங்கி, முன்பாதமும் முழங்காலும் வலி எடுக்கும். ஸ்டட்டும் ஒரு மாதத்தில் தேயும். புது ஷூவைத் தேர்வன்று முதல்முறை போடுவது பெரிய தப்பு. மூன்று வாரம் முன்பிருந்து நாளுக்கு அரை மணி போட்டுப் பழகுங்கள்.

முதல் தொடுதல்

முதல் நான்கு வாரம் ஒரே விதி: உள்ளங்காலால் பந்தை நிறுத்தக் கூடாது. பத்து மீட்டர் தள்ளி ஒருவர் தரையோடு பாஸ் தர, நீங்கள் நின்ற இடத்தில் காத்திருக்காமல் இரண்டடி முன்னே போய் எடுக்க வேண்டும். புல்லில் பந்து வேகம் குறையும். காத்திருந்தால் எதிராளி இடையில் புகுந்துவிடுவான். பாதத்தின் உட்பக்கத்தை வைத்து, பந்து படும் நேரத்தில் காலைச் சற்றே பின்னுக்கு இழுங்கள். கணுக்கால் இறுகியும் முழங்கால் தளர்ந்தும் இருக்க வேண்டும். இரண்டும் இறுகினால் பந்து தெறிக்கும், இரண்டும் தளர்ந்தால் காலுக்கடியில் போகும். பந்து நிற்க வேண்டிய இடம் காலடி அல்ல. அடுத்த பாஸ் போகவேண்டிய பக்கமாக ஒரு கஜம் தள்ளி. நாளுக்கு வலக்கால் நூறு, இடக்கால் நூறு. இடக்கால் நூறை முதலில் முடியுங்கள். கடைசிக்கு வைத்தால் அறுபதோடு நின்றுவிடும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து, பந்து வரும் முன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவர் விரலைக் காட்டட்டும். எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே பந்தை எடுங்கள். இது வந்துவிட்டால் ஆட்டமே மாறிவிடும். ஒன்பதாம் வாரத்திலிருந்து 30 மீட்டர் பாஸும் தலைக்கு மேல் வரும் பந்தும்.

ஆள் இல்லாத நாளில் சுவர் போதும். பள்ளி காம்பவுண்டுச் சுவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் அடிக்காதீர்கள். நூறு வருடப் பூச்சு அது, பெயர்ந்தால் திரும்ப அதுபோல் வைக்க ஆள் கிடைப்பது அரிது.

ஓட்டம், வெயில், சாப்பாடு

அக்னிவீர் தேர்வில் 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழுதாக 60 மதிப்பெண், 10 புல் அப்ஸுக்கு 40. 9 அடிப் பள்ளம் தாண்டுவதிலும் வளைந்த கட்டைமேல் நடப்பதிலும் தேர்ச்சி மட்டும் போதும். 400 மீட்டர் தடத்தில் சுற்றுக்கு 82 வினாடி என்றால் 5:28-ல் முடியும். கூட்டத்தோடு சேர்ந்து முதல் சுற்றை 68-ல் ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் நடப்பவர்கள்தான் அதிகம். தடம் இல்லாத ஊரில் போனில் தெரியும் தூரத்தை நம்பாமல், டேப் வைத்து 200 மீட்டரை அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் முழு வேகத்தில் 1.6 கி.மீ. இன்னொரு நாள் 400 மீட்டரை 80 வினாடியில் ஐந்து முறை, இடையே இரண்டு நிமிட ஓய்வு. கால்பந்துக்கென்று 30 மீட்டர் பாய்ச்சல் பத்து, இடையே 20 வினாடி. பத்தாவது பாய்ச்சலுக்கு முதலாவதைவிட அரை வினாடிக்கு மேல் கூடுதலாகப் பிடித்தால் உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். தினமும் கட்டாந்தரையில் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பின் உட்பக்கம் வலிக்கும். அப்போது ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, கண்மாய்ப் புல்லுக்கு மாற்றுங்கள். வலியோடு ஓடினால் எலும்பில் கீறல் விழும்.

பங்குனியிலிருந்து பயிற்சி காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிந்துவிட வேண்டும். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் சுமார் ஒன்றேகால் லிட்டர் திரும்பக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் நல்லவை. ஓ.ஆர்.எஸ். கரைத்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். தண்ணீரைக் குறைத்தால் வயிறு கெடும். வீட்டில் ஆசையாகக் கும்மாயம் கிளறிக் கொடுப்பார்கள். நெய்யும் கருப்பட்டியும் தெம்புதான், ஆனால் அது தேர்வு முடிந்து வந்தபின். தேர்வுக்கு மூன்று மணி நேரம் முன்பு நாலு இட்லி, காரம் குறைந்த சட்னி, ஒரு வாழைப்பழம். கவுனி அரிசியும் அன்று வேண்டாம், செரிக்க நேரம் பிடிக்கும்.

மருத்துவம்

ஆட்டத்தில் தேறிய பையன் காதுக் குறும்பியால் திரும்பி வருவது வருத்தமான விஷயம். ஒரு மாதம் முன்பே காதைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், சொத்தைப் பல்லை அடைத்துவிடுங்கள். நிறக்குருடு பரிசோதனையை உள்ளூர்க் கண் மருத்துவரிடமே பார்க்கலாம். ஈரப் பாதத்தைச் சிமெண்ட் தரையில் பதித்துப் பாருங்கள்: நடுவில் வளைவே தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முழங்கால் முட்டுதல், விரைவீக்கம், நரம்புச் சுருட்டல் இவற்றுக்கும் அங்கே தடை உண்டு. பச்சை குத்திக்கொள்ளும் ஆசையை அடக்கிவிடுங்கள்.

தேர்வு நாள்

வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு அழைப்பு வந்தால் அந்த இடம் 1,800 மீட்டருக்கு மேல் உயரம். காற்று மெலிந்திருப்பதால் மூச்சு சீக்கிரம் இரைக்கும், நீளமாக அடித்த பந்து நினைத்ததைவிடத் தள்ளி விழும். இரண்டு நாள் முன்பே போய்விட்டால் உடம்பு ஓரளவு பழகும். அதிகாலைக் குளிரில் சதை விறைப்பாக இருக்கும். இங்கே பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கினால் அங்கே இருபத்தைந்து நிமிடம். புல்லில் பனி ஈரம் இருந்தால் பந்து வழுக்கி வேகமாக வரும், அப்போது பந்தை எடுக்கும் பாதத்தை இன்னும் மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

பயிற்சி ஆட்டம் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களோடு, சிறிது நேரம்தான். யாரும் பாஸ் தர மாட்டார்கள், எல்லோரும் தனியாகக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். நீங்களும் அதையே செய்தால் கூட்டத்தில் ஒருவர். பந்தை இழந்த அடுத்த நொடியே திரும்பி ஓடித் துரத்துங்கள், இடத்தை விடாதீர்கள், வாய் திறந்து கத்திச் சொல்லுங்கள். வடநாட்டுப் பயிற்சியாளர் இருந்தால் 'ஆகே' என்றால் முன்னே, 'பீச்சே' என்றால் பின்னே, 'தாயே' வலம், 'பாயே' இடம், 'ருக்' என்றால் நில். இந்த ஐந்தும் யோசிக்காமலே காலில் ஏற வேண்டும்.

ஆடும் இடத்தை மாற்றச் சொன்னால் முகம் சுளிக்காமல் போய் நில்லுங்கள். பீட்டர் தங்கராஜ் இந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்காக முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. கோல்கீப்பராக மாறிய பிறகுதான் 1955, 1958 டூரண்ட் கோப்பைகளை வென்ற மைய அணிகளிலும், 1956, 1960 ஒலிம்பிக்கிலும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அதனால் பன்னிரண்டு வாரத்தில் கடைசி இரண்டு வாரமாவது, உங்கள் இடம் தவிர இன்னொரு இடத்திலும் நாளுக்கு இருபது நிமிடம் ஆடிப் பழகுங்கள். விங்கில் ஓடுகிறவர் சைடு பேக் என்ற ஓரத் தடுப்பு இடத்தில், நடுக்களத்தில் ஆடுகிறவர் ஸ்டாப்பர் என்ற நடுத் தடுப்பு இடத்தில்.