விடிய விடிய ஆடப் போகிறவர்கள் மூன்று மணிக்கே சுருண்டுவிடுவது ஏன்?

அதிகாலை மூன்று மணிக்கு ஒரு மின்னணு நடன இசைத் திருவிழாவின் ஓரப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள். பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு புல்லிலேயே உறங்குகிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். அவர்கள் யாருக்காக டிக்கெட் வாங்கினார்களோ, அந்த டிஜே அப்போதுதான் மேடையேறிக்கொண்டிருப்பார். நானும் ஒருமுறை அப்படிப் படுத்திருந்தேன். மேடையின் ஒளி மூடிய இமைகளின் மேல் சிவப்பாக வந்து போனதுதான் எனக்கு அன்று கிடைத்த கச்சேரி.

இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் போவதுபோல இதற்கும் போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை. இரவு முழுக்க நீளும் நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள் அதை ஒரே வேகத்தில் அமைப்பதில்லை. முதலில் வரும் டிஜேயின் வேலையே கூட்டத்தை மெல்லச் சூடேற்றுவதுதான். நிமிடத்துக்கு 120 துடிப்பை ஒட்டிய ஹவுஸ் இசையில் தொடங்கி, 130, 140 என டெக்னோ, டிரான்ஸ் ஆகிய வேகமான வகைகளுக்கு ஏறி, சில மேடைகளில் 170-ஐத் தாண்டும் டிரம் அண்ட் பேஸ் வரை போவார்கள். ஒன்பது மணிக்கே நள்ளிரவு வந்துவிட்டதுபோலக் குதிக்கிறவர் அந்த ஏற்றம் தொடங்கும்போது களைத்திருப்பார். இசை உங்களிடம் கூடுதல் ஆற்றலைக் கேட்கும் நேரத்தில் உங்கள் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும். பந்திக்கு முந்தலாம், ஆட்டத்துக்கு முந்தினால் நட்டம் நமக்குத்தான்.

உடலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. பெரும்பாலானோருக்கு உடல் வெப்பம் மிகத் தாழ்வது விடியலுக்கு முந்தைய நான்கு, ஐந்து மணி வாக்கில். தூக்கம் அழுத்துவதும் அப்போதுதான். ஊக்க பானத்தை வாசலிலேயே இரண்டு டப்பா குடித்துவிடுவதால் இதை வெல்ல முடியாது. காஃபின் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், எட்டு மணிக்குக் குடித்தது ஒரு மணிக்கே பாதி வடிந்திருக்கும். அன்று பிற்பகல் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். காஃபின் வேண்டுமென்றால் நள்ளிரவுக்குப் பிறகு, கொஞ்சமாக. அதை மதுவோடு கலப்பது இன்னும் பெரிய தவறு. போதை குறையாது, போதை ஏறியிருக்கிறது என்ற உணர்வு மட்டும் மறையும்.

அடுத்து காது. இதைச் சொன்னால் இளையவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான், இரண்டு நாள் காதுக்குள் ரீங்காரம் கேட்கும் வரை. பணியிட இரைச்சலுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வகுத்த கணக்கு எளிமையானது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். இசை நிகழ்ச்சிகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வகுத்த நெறிமுறை சொல்கிறது. அந்த உச்ச வரம்பை மதிக்கிற இடத்திலேயே எட்டு மணி நேரம் நிற்கிறீர்கள் என்றால் காதுக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

காதடைப்பான் வாங்குகிறவர்களும் அதைச் சரியாக மாட்டுவதில்லை. நுரையடைப்பானைக் காதின் வாயிலில் ஒட்டவைத்துவிட்டு 'ஒன்றும் பயனில்லை' என்பார்கள். சுத்தமான விரல்களால் அதை மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குமேல் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் துவாரம் நேராகும். உள்ளே செருகி, நுரை விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். எதிரில் நிற்பவருக்கு அடைப்பான் துருத்திக்கொண்டு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. நுரையடைப்பான் உச்சஸ்தாயியை அதிகமாக விழுங்குவதால் இசை கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். எல்லா ஸ்தாயியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் இசைஞர் அடைப்பான்கள் இருக்கின்றன. அடிக்கடி போகிறவர்கள் அதற்குச் செலவு செய்யலாம்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் முண்டியடித்து நிற்பது இதோடு சேர்ந்த தவறு. காதுக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்கட்டும், இசையே அங்கே கெட்டுப்போய்த்தான் கேட்கும். அடிநாதம் நெஞ்சை மோதும், மேலே உள்ள நுணுக்கம் எதுவும் எட்டாது. மைதானத்தின் நடுவில் தடுப்பு போட்டு ஒலிக்கலவை மேசை வைத்திருப்பார்கள். ஒலிப் பொறியாளர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் மொத்த அமைப்பையும் சரிசெய்கிறார். அவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கூட்டமும் அங்கே தளர்வாக இருக்கும்.

நண்பர்களைத் தவறவிடுவது பெரும்பாலும் செல்பேசியை நம்புவதால். பல்லாயிரம் பேர் ஒரே மைதானத்தில் காணொளி அனுப்பும்போது செல்பேசிக் கோபுரம் திணறும். '12.40-க்கு மரத்தடிக்கு வா' என்று நண்பன் அனுப்பிய செய்தி 3.55-க்கு என் திரையில் வந்து விழுந்தது. அதற்குள் இருவரும் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்திருந்தோம். உள்ளே நுழைந்தவுடனேயே நகராத ஓர் அடையாளத்தையும் நேரத்தையும் வாயால் பேசி முடிவுசெய்யுங்கள்: ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் மருத்துவக் கூடாரத்தின் இடப்பக்கம், அவ்வளவுதான். அந்தக் கூடாரம் எங்கே இருக்கிறது என்பதும் இந்தச் சாக்கில் மனத்தில் பதியும்.

தண்ணீரில் இரண்டு தவறுகள் உண்டு. குடிக்காமலே ஆடுவது எல்லோருக்கும் தெரிந்தது. பயத்தில் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான்: இரத்தத்தில் சோடியம் நீர்த்து மூளை வீங்கலாம். எம்டிஎம்ஏ வகைப் போதைப்பொருள் உடலில் இருந்தால் அது நீரைத் தேக்கிவைப்பதால் இந்த ஆபத்து கூடும், உடல் வெப்பமும் எகிறும். மாத்திரையைக் கொடுப்பவர் சொல்வதுதான் அதில் இருக்கிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. யாருக்காவது உளறல், கொதிக்கும் தோல், நிற்க முடியாத தள்ளாட்டம் தெரிந்தால் 'தூங்கவிட்டால் சரியாகிவிடும்' என்று விடாதீர்கள். மருத்துவக் குழுவிடம் கொண்டுபோய், என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆடுகிறவர் சிறிது சிறிதாகத் தண்ணீரும், நடுவில் உப்புள்ள ஏதாவதொரு தின்பண்டமும் எடுத்துக்கொண்டால் போதும்.

நெரிசல் என்றதும் மேடைக்கு முன்புறம்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் துயிஸ்பர்க் நகரில் 2010 ஜூலை 24 அன்று நடந்த லவ் பரேட் விழாவில் 21 பேர் இறந்தது மேடையருகே அல்ல. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே வழியாக இருந்த சுரங்கப்பாதையை ஒட்டிய சரிவில். நான் இப்போது எங்கே போனாலும் இரண்டாவது வாசலைப் பார்த்துவைக்காமல் ஆடத் தொடங்குவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் நெருங்கிவிட்டால் கூட்டம் தண்ணீர்போல அலையடிக்கத் தொடங்கும்; அப்புறம் யார் தள்ளுகிறார் என்பதற்கே பொருளில்லை. உங்கள் விருப்பமில்லாமல் உடல் அசைந்தால் அப்போதே விலகுங்கள், பாட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கைகளைக் குத்துச்சண்டை வீரர்போல நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, அலை தளரும் நொடிகளில் குறுக்காக ஓரத்துக்கு நகர வேண்டும். கீழே விழுந்த செல்பேசியை எடுக்கக் குனியாதீர்கள்.

வெட்டி வெட்டி மின்னும் விளக்கால் தலை சுற்றுகிறதென்றால் கண்களை மூடிப் பயனில்லை. இமை வழியாகவும் ஒளி போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மறைத்தபடி திரும்பி நடங்கள். காலில் புதுச் செருப்பு, புது ஷூ இரண்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு விடியற்காற்றில் நடுங்காமல் இருக்க, மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

கடைசித் தவறு, பாட்டு நின்றவுடன் சாவியைத் திருப்புவது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடையதைப் போன்றது என்று 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் ஆனால் ஏறத்தாழ 0.10 சதவீதம். ஒரு சொட்டுகூடக் குடிக்காதவருக்கும் இது பொருந்தும். பஸ் இருந்தால் அதில் போகலாம். இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இருக்கையைச் சாய்த்துப் படுங்கள். வாகன நிறுத்தத்தில் அந்நேரம் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள். சட்டைப்பையில் அந்தக் காதடைப்பான் இருக்கிறதல்லவா, அதை மறுபடி உருட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.