செயற்கைக்கோளைப் பார்க்கக் கிளம்பும் முன் களைய வேண்டிய தவறுகள்

மேகமில்லாத தை, மாசி மாத மாலைகளில் தாராபுரம், காங்கயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையின் வாசலிலோ, கோவை, திருப்பூர் வீடுகளின் மொட்டை மாடியிலோ நின்று வானத்தைப் பார்ப்பவர்களுக்கு, ஓசையின்றிச் சீராக நகர்ந்து செல்லும் ஒளிப்புள்ளி புதிதன்று. ஆனால் அதைத் திட்டமிட்டுப் பார்க்க முனைவோரில் பலர் ஒன்றும் காணாமல் கீழே இறங்கிவிடுகிறார்கள். சுற்றுப்பாதையைப் பற்றி மனத்தில் பதிந்திருக்கும் பிழையான சித்திரமே பெரும்பாலும் இதற்குக் காரணம். எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதெல்லாம் அந்தச் சித்திரத்தைப் பொறுத்தே அமைவதால், அதைத் திருத்திக்கொள்வதிலிருந்து தொடங்குவதே முறை.

விண்வெளியில் புவியீர்ப்பு கிடையாது என்று எண்ணுவது எல்லாவற்றுக்கும் மூலமான தவறு. விண்வெளி வீரர்கள் மிதப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுவது தரைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். அங்கே ஈர்ப்பு, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவாக இருக்கிறது. ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் விலகிப் போய்விடுமே தவிர, பூமியைச் சுற்றாது. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, வெள்ளியங்கிரி உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கிடைமட்டமாக நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் எறிவதாகக் கொள்வோம். முதல் நொடியில் அது ஏறத்தாழ 5 மீட்டர் கீழே விழும்; அது கடந்த 7.9 கிலோமீட்டருக்குள் பூமியின் பரப்பும் தன் வளைவினால் ஏறத்தாழ 5 மீட்டர் தாழ்ந்திருக்கும். கல் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் தாழ்ந்துகொண்டே போவதால், விழுந்துகொண்டே இருக்கும் அந்தக் கல் ஒருபோதும் தரையைத் தொடுவதில்லை. பீரங்கிக் குண்டை வைத்து நியூட்டன் எண்ணிப் பார்த்தது இதைத்தான். நிலையத்தில் இருப்பவர்கள் மிதப்பதும், அவர்களும் நிலையமும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால்தான்.

மையவிலக்கு விசை ஈர்ப்பைச் சமன்செய்வதால் செயற்கைக்கோள் விழாமல் நிற்கிறது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் ஏராளம். தரையில் நின்று பார்ப்பவருக்கு இந்த விளக்கம் பொருந்தாது. விசைகள் உண்மையாகவே சமன்பட்டிருந்தால் பாதை வளையாது. எஞ்சின் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கிறது, எரிபொருள் தீர்ந்தால் விழுந்துவிடும் என்பதும் அதே வகையைச் சேர்ந்த நம்பிக்கையே. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட பின், பூமிக்கு மிக அருகில் வரும் கட்டங்களில் குறுகிய நேரம் மட்டுமே எஞ்சினை இயக்கி, படிப்படியாகப் பாதையை உயர்த்திக்கொண்டு நிலவை நோக்கிச் சென்றது; இடைப்பட்ட நேரமெல்லாம் எஞ்சின் அணைந்தே இருந்தது. தாழ்வான பாதைகளில் செயற்கைக்கோள்களைக் கீழே இறக்குவது எரிபொருள் தீர்வதன்று, அங்கே எஞ்சியிருக்கும் மிக மெல்லிய காற்றின் உராய்வே. பெரியவர்களுக்கு நினைவிருக்கும் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் 1979 ஜூலை 11 அன்று விழுந்ததும் இதனால்தான்: சூரியச் செயல்பாடு மிகுந்து மேல் வளிமண்டலம் விரிந்ததில், எதிர்பார்த்ததைவிட விரைவாக அது வேகம் இழந்தது. தலையில் விழுமோ என்று இங்கும் மக்கள் அஞ்சினார்கள். சிதைவுகள் விழுந்தது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும்.

உயரே போகப் போக வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்மையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். விண்வெளி நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் செல்கிறது; 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் 3.1 கிலோமீட்டர், 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலவோ 1 கிலோமீட்டர்தான். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமி ஒருமுறை சுழலும் நேரத்திலேயே ஒரு சுற்று வருவதால், நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. அது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே மட்டுமே அப்படி நிற்க முடியும். நம் ஊர் டி.டி.எச். தட்டுகள் எல்லாம் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தை அண்ணாந்து பார்த்தபடி, ஒருமுறை பொருத்திய இடத்திலேயே இருப்பது இதனால்தான். புவிநிலைச் செயற்கைக்கோள்களை வெற்றுக்கண்ணால் தேடுவது வீண் வேலை, அவ்வளவு மங்கல்.

இனி, பார்க்கும் நேரம். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோளின் விளக்கு நமக்குத் தெரிவதில்லை. அதன் மேல் படும் சூரிய ஒளியின் பிரதிபலிப்பே தெரிகிறது. ஆகவே நாம் இருட்டில் இருக்க வேண்டும், அது வெயிலில் இருக்க வேண்டும். பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழுந்து வானத்தை மூடிக்கொண்டே வருவதால், இந்த இரண்டும் ஒருங்கே அமையும் வேளை குறுகியது. நமது அட்சரேகையில், 400 கிலோமீட்டர் உயரத்தில் உச்சிக்கு வரும் பொருள், சூரியன் மறைந்து சுமார் 80 நிமிடங்கள் வரையே வெயிலில் இருக்கும். 550 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பிப்ரவரி நடுவில் கோவையில் ஆறரை மணி அளவில் பொழுது இறங்குகிறது என்றால், ஏழு மணி முதல் எட்டு மணி வரையிலான நேரமே வளமானது. விடியலுக்கு முன்னும் இதே அளவு நேரம் உண்டு.

நள்ளிரவில் வானம் நன்றாக இருண்டிருக்கும் என்று அலாரம் வைத்து எழுந்து பார்ப்பவர்கள் ஏமாறுவதற்கு இதுவே காரணம். கோடையில் இரவு முழுவதும் செயற்கைக்கோள்கள் தெரியும் என்று ஐரோப்பியர்கள் எழுதியதை அப்படியே நம்புவதும் தவறு. அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை; கொங்கு நாட்டிலோ எந்த மாதமானாலும் நள்ளிரவில் சூரியன் 55 பாகைக்கும் கீழே போய்விடுவதால், தாழ்வான பாதையில் வரும் எதுவும் நிழலுக்குள்தான் இருக்கும். இதற்கு ஈடாக நமக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ஹபிள் தொலைநோக்கியின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்தது. லண்டன்வாசிகளுக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது, நமக்கு உயரத்திலேயே கடந்து செல்லும்.

நகர்ந்து வந்த புள்ளி நடுவானில் திடீரென்று மங்கி, சில நொடிகளில் மறைந்துவிட்டால், வெடித்துவிட்டது என்றோ மேகத்துக்குள் போய்விட்டது என்றோ முடிவுகட்ட வேண்டியதில்லை. மாலையில் கிழக்கு நோக்கிச் செல்லும் செயற்கைக்கோள் நிழலுக்குள் நுழையும் கணம் அது. காண்பதற்கு அரிய காட்சியும் அதுவே. மறையும் முன் நிறம் லேசாகச் சிவப்பதைக் கவனிக்கத் தவறக் கூடாது.

விண்வெளி நிலையம் ஒரு சுற்றை ஏறத்தாழ 93 நிமிடங்களில் முடிக்கிறது என்று படித்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து மீண்டும் தலைக்கு மேல் வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அந்த நேரத்துக்குள் பூமி சுமார் 23 பாகை கிழக்கே சுழன்றுவிடுகிறது. கோவைக்கு மேலே கடந்த நிலையம், அடுத்த சுற்றில் அரபிக்கடலைத் தாண்டி சொகோத்ரா தீவின் பக்கமாகத்தான் போகும். அது நம் அடிவானத்துக்குக் கீழே.

சூரியனும் நிலவும் விண்மீன்களும் கிழக்கே உதிப்பதைப் பார்த்துப் பழகியதால், செயற்கைக்கோளையும் கிழக்கில் தேடுவது இயல்பு. ஆனால் விண்வெளி நிலையம் பெரும்பாலும் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு ஆகிய திசைகளில் ஏதோ ஒன்றில்தான் தோன்றும். பூமியின் சுழற்சியைத் துணையாகக் கொள்வதற்காகக் கிழக்கு நோக்கி ஏவப்படுவதே காரணம். நமது தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் வடக்கு தெற்காகத் துருவங்களை ஒட்டிச் செல்பவை. தெளிவாகக் கிழக்கிலிருந்து மேற்கே போகும் புள்ளி அநேகமாக விமானம். இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. தொண்டாமுத்தூர், வடவள்ளிக்காரர்களுக்கு மேற்கே மலை. மேட்டுப்பாளையத்துக்கு வடமேற்கே நீலகிரி. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை. அடிவானத்தில் தோன்றும் நேரம் என்று, செயற்கைக்கோள் வருகையைக் கணித்துச் சொல்லும் செயலி காட்டுவதை நம்பி மலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், ஆறு நிமிடக் காட்சியில் இரண்டு நிமிடம் வீணாகிவிடும். அதிகபட்ச உயரம் 20 பாகைக்கும் குறைவாகக் காட்டும் வருகைகளை மலையடிவாரத்தில் இருப்போர் விட்டுவிடலாம். ஈரோடு, தாராபுரம் சமவெளியில் இந்தத் தொல்லை குறைவு.

ஹெவன்ஸ் அபவ் போன்ற தளங்களிலும் செயலிகளிலும் இருப்பிடத்தைச் சென்னை என்றே விட்டுவைப்பது சிறிய அலட்சியம்போலத் தோன்றும். கோவைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 425 கிலோமீட்டர். நிலையத்தின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே சென்னையில் உச்சிக்கு வரும்போது, கோவையில் அது வடகிழக்கே வானத்தின் பாதி உயரத்தில்தான் இருக்கும். நேரம் உலகப் பொது நேரத்தில் காட்டப்பட்டால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒளியின் அளவைக் குறிக்க அங்கே தரப்படும் பிரகாச எண்ணில் குறைந்ததே அதிக ஒளி. கழித்தல் 3 என்பது 2-ஐவிட நூறு மடங்கு ஒளிமிக்கது. நிலையத்தின் பாதை அவ்வப்போது உயர்த்தப்படுவதால், இரண்டு வாரத்துக்கு முன் குறித்து வைத்த நேரத்தை நம்பாமல் அன்றைக்கே பார்ப்பது நல்லது.

அடையாளத்தில் குழம்புவதும் உண்டு. சிவப்பு, பச்சை விளக்குகளுடன் சிமிட்டிக்கொண்டு போவது பீளமேட்டில் இறங்கும் விமானம். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் அடிவானத்தை ஒட்டிச் சிமிட்டும் சிவப்புப் புள்ளிகள் காற்றாலைகளுக்கும் டவர்களுக்கும் உரியவை. மேற்கே மாலையில் சுடர்விடும் வெள்ளியையும் வியாழனையும் செயற்கைக்கோள் என்று அடித்துச் சொல்பவர்களிடம் வாதிட வேண்டாம். பத்து நிமிடம் காத்திருந்து பார்க்கச் சொன்னால் போதும். தனித்த விண்மீனை இருட்டில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசைவதுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கம். தென்னங்கீற்றின் நுனியையோ கைப்பிடிச் சுவரையோ ஒட்டி வைத்துப் பார்த்தால் தெளிந்துவிடும். வரிசையாக ரயில்போலச் செல்லும் புள்ளிகள், 2019 மே மாதம் முதல் கூட்டம் கூட்டமாக ஏவப்பட்டு வரும் ஸ்டார்லிங்க் இணையச் சேவைச் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாள்களில்தான் அவை அப்படித் தெரியும். பாதை உயர்ந்து பிரிந்த பின் மங்கிவிடும். பழைய கட்டுரைகளைப் படித்து இரிடியம் என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களின் திடீர் மின்னல்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: கண்ணாடிபோல ஒளியைத் திருப்பிய அந்த முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இறக்கப்பட்டுவிட்டன.

பார்ப்பதற்கென்றே தொலைநோக்கி வாங்குவது வேண்டாத செலவு. அதன் பார்வைப் பரப்பு மிகக் குறுகியது. இவ்வளவு வேகமாக நகரும் பொருளைக் கையால் தொடர்வது எளிதன்று. விண்வெளி நிலையத்துக்கு வெற்றுக்கண் போதும், நகர வெளிச்சத்திலும் அது தெரியும். மங்கலானவற்றுக்கு 7x50 அல்லது 10x50 பைனாகுலரும், கைபேசித் திரையைப் பார்க்காமல் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கிய இருபது நிமிடமும் வேண்டும். படம் எடுக்க விரும்புவோர் கைபேசியைக் கையில் பிடித்து பெரிதாக்கி எடுப்பதைத் தவிர்த்து, முக்காலியில் நிறுத்தி, ஷட்டர் 10 முதல் 30 நொடி வரை திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். படத்தில் ஒளிக்கோடு ஒரே சீராக இருந்தால் செயற்கைக்கோள்; கோட்டின் மேல் சம இடைவெளியில் புள்ளிகள் விழுந்திருந்தால், பதிவானது விமானம்.