வன்னியில் நாய்க்குத் திடீரென்று சத்திரசிகிச்சை வந்தால் காசு திரட்டுவது எப்படி

வைத்தியர் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று சொன்ன கையோடு அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது? மொத்தமாக எவ்வளவு முடியும்? காசை எங்கே தேடுவது என்பது இந்த இரண்டு பதிலிலும்தான் தங்கியிருக்கிறது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால், பருவத்துக்கு வந்து சில கிழமைகள் கழித்து அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடிக்கும், சத்தி எடுக்கும், சாப்பாட்டைப் பார்க்காது, வயிறும் ஊதலாம். அது நாள்கணக்கில் காத்திருக்கக்கூடிய வருத்தம் இல்லை. எலும்போ மாங்கொட்டையோ விழுங்கிக் குடல் அடைத்தாலும் அப்படித்தான். ஏ9 வீதியில் வாகனம் அடித்துக் கால் முறிந்த நாய்க்கு மூச்சு சீராக இருந்து இரத்தமும் நின்றுவிட்டால், எலும்பு பொருத்துவதற்குச் சில நாள் தாங்கலாம். ஆனால் அதை வைத்தியர்தான் சொல்லவேண்டும், நாங்கள் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது.

காசு தேடி ஓடுகிற நேரத்தில் நாய் நோவில் கத்துகிறதே என்று வீட்டில் இருக்கிற பனடோலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே நாய்க்கு நஞ்சாகலாம், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டால் பிறகு செலவும் கூடும், நாயும் தப்பாமல் போகலாம். நோவுக்கு என்ன மருந்து என்று வைத்தியரிடமே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கட்டி என்றவுடன் எல்லாமே வெட்டுகிற கட்டி இல்லை. ஊர் சுற்றும் நாய்களுக்குப் பிறப்புறுப்பில் பூக்கோவா மாதிரி வந்து இரத்தம் வடிகிற ஒரு புற்றுக்கட்டி இருக்கிறது, நாயிலிருந்து நாய்க்குத் தொற்றுவது. அதற்குப் பெரும்பாலும் வின்கிறிஸ்டின் என்ற மருந்தைக் கிழமைக்கு ஒரு தடவையாகச் சில கிழமை நரம்பில் ஏற்றினாலே சுகம் வந்துவிடும். ஆகவே அவசரம் இல்லாத வருத்தம் என்றால் இரண்டாவது வைத்தியரிடமும் ஒருமுறை காட்டுங்கள். எங்கள் பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி என்றுதான் ஓடிக்கொண்டிருக்கும், பெரிய சத்திரசிகிச்சைக்கு அங்கே வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நாயைப் பார்த்து எங்கே கொண்டுபோகலாம் என்று வழிகாட்டக்கூடியவர் அந்த வைத்தியர்தான். யாழ்ப்பாணமா கொழும்பா என்று கேளுங்கள், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை பற்றியும் கேளுங்கள். புறப்பட முதல் தொலைபேசியில் பேசி, அந்த நாளில் செய்வார்களா, எவ்வளவு முடியும் என்று உறுதிப்படுத்துங்கள்.

இப்போது கணக்கு. சத்திரசிகிச்சைக் கட்டணத்தை மட்டும் வைத்துக்கொண்டு காசு கேட்டால் நடுவழியில் நிற்கவேண்டிவரும். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே அல்லது ஸ்கான், மயக்க மருந்து, சேலைன், தங்கவைத்துப் பார்த்தால் அதற்கு நாளுக்கு எவ்வளவு, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு போடும் அன்டிபயோட்டிக், கழுத்தில் போடும் கூம்பு, தையல் பிரிக்கத் திரும்பப் போகும் செலவு, எல்லாவற்றையும் எழுதுங்கள். வன்னியில் இருக்கிறவர்களுக்குப் பெரிய செலவு வாகனம். ஒட்டுசுட்டானிலோ முழங்காவிலிலோ துணுக்காயிலோ இருந்து ஒரு பெரிய நாயை, அதுவும் நோவோடு, பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. ஓட்டோவோ பட்டா என்கிற சின்ன லொறியோ பிடிக்கவேண்டும், போய்வரக் காத்திருப்புக் காசும் சேரும். சொந்தக்காரரிடம் காசு கேட்பதற்குப் பதிலாக வாகனம் கேட்டுப்பாருங்கள். கையில் காசில்லாதவர்கூட டீசலை மட்டும் வாங்கிக்கொண்டு வர ஓமென்பார், அது பெரிய உதவி. வைத்தியரிடம் மதிப்பீட்டை அவருடைய தாளில் எழுதித் தரச்சொல்லுங்கள், திகதியோடு. அந்த ஒரு துண்டு இல்லாமல் எவரிடமும் போகவேண்டாம்.

இன்றைக்கே காசு வேண்டும் என்றால் கையில் இருக்கிற வழிகள் சிலதுதான். நகை இருந்தால் வங்கியில் அடகு வைப்பது பெரும்பாலும் விரைவானது; மதிப்பில் ஒரு பகுதிதான் தருவார்கள், வட்டியையும் மீட்கும் திகதியையும் கேட்டு, அடகுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சீட்டுக் கட்டுகிறீர்கள் என்றால் அதை நடத்துகிற தாச்சியிடம் போய் நிலைமையைச் சொல்லி இந்த மாதச் சீட்டைத் தரமுடியுமா என்று கேளுங்கள். முறை வந்தவர் மனம் வைத்தால் மாற்றித் தருவார், இது எங்கள் ஊர்களில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் நடக்கிறதுதானே, நாய்க்குக் கேட்கக்கூடாது என்று சட்டம் இல்லை. வேலைசெய்யும் இடத்தில் சம்பள முற்பணம் கேட்கலாம். வைத்தியரிடமே பாதியை இப்போதும் மீதியைக் காலபோக அறுவடை முடியவும் தரலாமா என்று கேட்கலாம், ஆனால் சத்திரசிகிச்சைக்கு முதலே கேளுங்கள். நாய் மேசையில் கிடக்கும்போதோ பில் வந்த பிறகோ கேட்டால் அது அவரைப் பொறியில் மாட்டுவதுபோல் ஆகிவிடும்.

கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து வசூலிக்கும் நுண்கடனை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனை பெண்கள் அந்தக் கடனுக்குக் கடன் எடுத்து மாட்டினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கவேண்டிய அளவுக்கு அது போயிருந்தது. நாயும் பிழைக்கவேண்டும், வீடும் நிற்கவேண்டும்.

அடுத்தது மனிதரிடம் கேட்பது. இதில்தான் பலர் தயங்குகிறார்கள். "மனுசருக்கே வழியில்லை, நாய்க்குக் காசு சேர்க்கிறாங்களாம்" என்று யாராவது சொல்வார்கள் என்ற பயம். சொல்லத்தான் செய்வார்கள். காணாமல்போனவர்களைத் தேடுகிற குடும்பங்களும் கால் இழந்தவர்களும் இருக்கிற ஊர் இது, அந்தக் கதைக்குப் பின்னால் உண்மையான வலி இருக்கிறது, அதோடு வாதாடவேண்டாம். "ஓம், எனக்கு விளங்குது, ஏலாதவர்கள் தரவேண்டாம், இதுவும் எங்கட வீட்டு உயிர்" என்று சொல்லிவிட்டு விடுங்கள். ஆனால் கேட்காமல் இருக்கவேண்டாம். தனியாக இருக்கிற அம்மாவுக்கு இரவில் காவலாக இருப்பதும், வயலில் பன்றி வந்தால் குரைத்து எழுப்புவதும், பாம்பு வந்தால் முதலில் காட்டுவதும் அந்த நாய்தான். வன்னியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஒரு வரி போதும்.

முதலில் நாயைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்துபோகிற மச்சான், பக்கத்து வளவு அக்கா, அது குட்டியாக இருக்கும்போது தூக்கி விளையாடின பிள்ளைகள் இப்போது கனடாவில் இருப்பார்கள். ஒவ்வொருவராக எடுத்துப் பேசுங்கள் அல்லது தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்புங்கள். வட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டால் எல்லோரும் மற்றவர் தருவார் என்று இருந்துவிடுவார்கள். செய்தி இப்படி இருக்கட்டும்:

"அண்ணா, எங்கட ஜிம்மிக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிச்சிருக்கு, நாளைக்கு ஒபரேசன் செய்யவேணும் என்று டொக்டர் சொல்லிட்டார். வாகனத்தோட எல்லாமாக 60,000 வருது. எங்களிட்ட 25,000 இருக்கு, மாமா 10,000 தாறார். இன்னும் 25,000 தேவை. உங்களால ஏலுமென்றால் ஒரு 5,000 தருவீங்களா? டொக்டரின்ட துண்டு கீழே இருக்கு. ஏலாட்டி பரவாயில்லை, சொல்லுங்கோ, நான் வேற ஆளிட்ட கேக்கிறன்."

தொகை உங்கள் கணக்குப்படி மாறும், ஆனால் அந்த வரிசையை மாற்றாதீர்கள். என்ன வருத்தம், எப்போது, எவ்வளவு, நாங்கள் எவ்வளவு போடுகிறோம், உங்களிடம் எவ்வளவு. "ஏதாவது பார்த்துச் செய்யுங்கோ" என்றால் கொடுக்க நினைப்பவருக்கும் எவ்வளவு என்று தெரியாமல் நாள் போய்விடும். கடைசி வரியும் முக்கியம், இல்லை என்று சொல்ல வழி விட்டால்தான் ஆட்கள் உடனே பதில் தருவார்கள், உங்களுக்கும் நேரம் மிச்சம். இரத்தமும் புண்ணுமான படத்தை அனுப்பாதீர்கள், நல்லாக இருந்த காலத்துப் படம் ஒன்று, இப்போது படுத்திருக்கிற படம் ஒன்று, வைத்தியரின் துண்டு. அதில் அடையாள அட்டை இலக்கமோ வீட்டு விலாசமோ இருந்தால் மறைத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சேர்த்து அனுப்புவதாக இருந்தால் ஒரு ஆள் பொறுப்பெடுப்பது நல்லது. இணையத்தில் காசு சேர்க்கும் கோஃபண்ட்மீ போன்ற தளத்தில் இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு எடுக்கமுடியாது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற உறவினர் தன் பெயரில் தொடங்கி, தான் யார், நாய் யாருடையது, காசு எப்படி வன்னிக்கு வந்துசேரும் என்று அங்கேயே எழுதவேண்டும். ஒவ்வொரு அன்பளிப்பிலும் சுமார் 3 வீதம் கழியும், காசு அவருடைய வங்கிக்கு வரவே சில நாள் எடுக்கும், பிறகு இங்கே அனுப்பவும் செலவு இருக்கிறது. ஆகவே இது நாளைய சத்திரசிகிச்சைக்கு உதவாது. அடகு வைத்த நகையை மீட்கவும் மாறின காசைத் திருப்பிக் கொடுக்கவும் உதவும், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வெளிநாட்டில் தெரியாதவர்கள் தர யோசித்தால், வைத்தியசாலையின் வங்கிக் கணக்குக்கே நேரே போடலாமா என்று வைத்தியரிடம் அனுமதி கேட்டுப்பாருங்கள். நாய்ப் படம் போட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிற காலம், சந்தேகப்படுகிறவர் மேல் கோபப்படவேண்டாம்.

ஊருக்குள் விளையாட்டுக் கழகப் பொடியள், சனசமூக நிலையம், மாதர் சங்கம் என்று கேட்கலாம், ஆனால் சங்கக் காசு கூட்டம் வைத்துத்தான் எடுக்கமுடியும், அவசரத்துக்கு வராது. வடையும் மோதகமும் செய்து விற்பதும் அப்படித்தான், கடன் அடைக்க நல்ல வழி.

எவ்வளவு கேட்டும் தொகை எட்டவில்லை என்றால் அதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நொறுங்கின காலுக்குத் தகடு வைக்கக் காசு காணாவிட்டால் காலை எடுப்பது பல நேரம் குறைந்த செலவில் முடியும், மூன்று காலோடு நாய்கள் நன்றாகவே ஓடித் திரியும். எதுவும் ஏலாத, நோவு மட்டுமே மிச்சமான நிலை என்றால் நோவில்லாமல் ஊசி போட்டு அனுப்புவதையும் கேளுங்கள். கொல்லைக்குள் கட்டிப்போட்டுக் கிடந்து சாகவிடுவதைவிட அது ஆயிரம் மடங்கு அன்பான காரியம்.

காசு வரத்தொடங்கியதும் ஒரு கொப்பியில் யார், எவ்வளவு, எப்போது என்று எழுதுங்கள், கடன் எது அன்பளிப்பு எது என்று பிரித்து. சத்திரசிகிச்சை முடிந்த அன்றே தந்த எல்லோருக்கும் பில்லின் படத்தோடு நிலைமையைச் சொல்லுங்கள், நாய் தப்பாவிட்டாலும் சொல்லுங்கள். தையலைச் சாதாரணமாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள், அந்தப் பயணச் செலவையும் கழித்த பிறகு காசு மிஞ்சினால் தந்தவர்களிடம் கேட்டு, திருப்பிக் கொடுங்கள் அல்லது அதே வைத்தியரிடம் வருகிற அடுத்த ஏலாத வீட்டு நாயின் பில்லுக்கு வைத்துவிடுங்கள்.