கழுத்து வளைந்த கிடாரில் ஒரு தம்புரா

எங்கள் வீட்டுப் பரணில் பல வருடமாகக் கிடந்த கல்கத்தா கிடாரைப் போன ஆடிப்பெருக்குக்கு வீடு துடைக்கும்போது கீழே இறக்கினேன். கழுத்து வில்லாக வளைந்து, தந்திக்கும் மெட்டுக்கும் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகளுக்கும்) நடுவே சுண்டுவிரல் நுழைந்தது. மேல்பலகையில் தந்தியைத் தாங்கும் குதிரை பாதி பெயர்ந்து நின்றது. ஐப்பசி ஈரமும் சித்திரை வெயிலும் மாறி மாறி அடித்தால் ஒட்டுப்பலகைக் கிடார் அப்படித்தான் ஆகும், கழுத்தை நிமிர்த்தக் கேட்கிற காசுக்குப் புதுசே வாங்கிவிடலாம். ஆனால் அதையே தம்புராவாக மாற்றலாம், பாட்டுக்குச் சுருதி கொடுக்கும் தம்புராவில் யாரும் தந்தியை அழுத்துவதில்லை. நாலு தந்தியும் அதனதன் முழு நீளத்தில் ஒலித்தால் போதும். அதனால் வளைந்த கழுத்தும் தேய்ந்த மெட்டும் அங்கே ஒரு குறையே இல்லை.

மெட்டில்லாத வீணை போன்ற கோட்டுவாத்தியமாக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கோட்டுவாத்திய வித்வான் திருவிடைமருதூர் சகாராம ராவ் வாசித்த மண்ணில் அந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் தந்தி மேல் கட்டையை வைத்து நகர்த்தி வாசிக்க இழுவை கூடுதலாக வேண்டும், இற்றுப்போன உடம்புக்கு அது ஆகாது. உங்கள் கிடார் நல்ல கம்பெனியின் முழுமரக் கிடாராக இருந்தால் இந்த வேலையில் இறங்காதீர்கள், முதலில் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

சரி, முதல் வேலை பழைய குதிரையைக் கழற்றுவது. மெல்லிய கத்தியைச் சூடாக்கி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். நெம்பினால் மேல்பலகையின் நார் கூடவே உரிந்து வரும். அப்புறம் தந்தியை அடிப்பக்கத்தில் கட்ட ஒரு தகடு வேண்டும். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் 1.5 மி.மீ. பித்தளைத் துண்டு வாங்கி, கிடாரின் அடி விளிம்பில் மடித்து, பட்டை மாட்டும் குமிழ் இருக்கிற இடத்தில் மூன்று திருகு போட்டேன். உள்ளே கனமான கட்டை இருப்பது அந்த இடத்தில்தான், திருகு பிடித்துக்கொள்ளும். தகட்டில் நாலு வெட்டு, அதில் தந்தியின் குண்டு முனை உட்காரும்.

தம்புராவின் உயிர் குதிரையில்தான், நேரத்தை எல்லாம் இங்கே செலவழியுங்கள். தஞ்சாவூர் வீணைப் பட்டறையில் கேட்டு ஈட்டி மரத் துண்டு ஒன்று வாங்கினேன். 7 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம். அடிப்பக்கம் பலகையோடு இடைவெளி இல்லாமல் பொருந்த, உப்புத்தாளை மேல்பலகை மீது சொரசொரப்பு மேலே தெரியும்படி விரித்து, அதன்மேல் குதிரையைத் தேயுங்கள். பலகையின் வளைவே குதிரையிலும் வந்துவிடும். ஒட்ட வேண்டாம், தந்தியே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பழைய குதிரை இருந்த இடத்திலேயே வையுங்கள், பலகைக்கு உள்ளே தாங்கு கொடுத்திருப்பது அங்கேதான்.

மேல்முகம் தட்டையாகவும் இருக்கக் கூடாது, மேடாகவும் இருக்கக் கூடாது. கழுத்தைப் பார்த்த ஓரம் மற்ற ஓரத்தைவிட ஓர் அஞ்சலட்டைக் கனம் தாழ்ந்து, இடையில் பள்ளம் விழாமல் மெதுவாகச் சரிந்து இறங்க வேண்டும். முகத்தில் பென்சில் தேய்த்து, தந்தியை மாட்டி, பத்துத் தடவை மீட்டுங்கள். தந்தி பட்ட இடத்தில் கோடு விழும். கோடு ஒரே புள்ளியாக இருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும், ஒரு செ.மீ. நீளத்துக்கு மங்கலாக அழிந்திருந்தால் சரி.

தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்குகிற மேரு என்ற வெட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, அதைவிட 2 மி.மீ. உயரமான, நாலு வெட்டுள்ள ஒன்றை வையுங்கள். மெட்டில் தந்தி படாமல் இருந்தால் போதும். ஆறு முறுக்காணியில் நாலு போதும்.

தந்திக்குக் கிடார்த் தந்தியே ஆகும். பாடுகிறவர் 1 கட்டை (ஸட்ஜம் சி சுரத்தில்) ஆணாக இருந்தால், கிடாரின் ஏ தந்தியை ஒரு முழுச் சுரம் (இரண்டு அரைச்சுரம்) இறக்கினால் பஞ்சமம், இரண்டு டி தந்திகளை ஒரு முழுச் சுரம் இறக்கினால் இரண்டு ஸட்ஜம், 0.056 அங்குல ஈ தந்தியை நாலு அரைச்சுரம் இறக்கினால் மந்தர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். 5 கட்டை (ஸட்ஜம் ஜி சுரத்தில்) பெண் குரலுக்கு இதே வரிசையில் டி ஒன்று, ஜி இரண்டு, ஏ ஒன்று, இதில் ஏ மட்டும்தான் ஒரு முழுச் சுரம் இறங்கும். எதையும் ஏற்ற வேண்டியதில்லை, ஆறுக்குப் பதில் நாலு தந்திதான், பழைய உடம்பு தாராளமாகத் தாங்கும்.

கடைசியில் ஜீவா, அதாவது தம்புராவுக்கு ரீங்காரம் தரும் நூல். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைச் செருகி, மீட்டிக்கொண்டே மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். கொஞ்ச நேரம் மொட்டையாக டங் டங் என்றுதான் கேட்கும், திடீரென்று ஓர் இடத்தில் ஒலி விரிந்து, மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து ரீங்காரம் நிற்கும். எனக்கு முதல் தந்தி திறந்தபோது மணி இரவு பதினொன்று, எழுந்து போக மனமே வரவில்லை. நாலு தந்திக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். பாலியஸ்டர் நூல் வழுக்கும். பூக்கட்டும் வாழைநாரையும் வைத்துப் பார்த்தேன், இரண்டே நாளில் காய்ந்து முறிந்தது.

பஞ்சமத்தை நடுவிரலால், மற்ற மூன்றையும் ஆள்காட்டி விரலால் வரிசையாக மீட்டுங்கள். பெரிய தம்புராவின் தந்தி ஒரு மீட்டரை நெருங்கும், இதில் 65 செ.மீ.தான், அதனால் அந்த ஆழம் கிடைக்காது, ஆனால் ஒருவர் உட்கார்ந்து சாதகம் செய்ய நிறைவாக இருக்கும். அடைமழை நாளில் நூல் ஈரம் குடித்து ரீங்காரம் மங்கும், அப்போது தந்தியைத் தளர்த்தாமல் பழைய நூலை உருவிவிட்டுப் புது நூல் செருகிக்கொள்ளுங்கள்.