படம் எழும்பி வரும் அந்த ஒரு நிமிடம்: ஃபிலிமிலும் இருட்டறையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் நிறைந்த தட்டில் ஒரு வெள்ளை அச்சுத் தாள். சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒன்றுமே நடக்காது. அப்புறம் எங்கிருந்தோ லேசாக ஒரு சாம்பல் நிழல் படியும். அது தலைமுடி ஆகும், புருவம் ஆகும், சட்டைக் காலரின் மடிப்பு ஆகும். தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு முகம் மெல்ல எழும்பி வருகிற மாதிரி இருக்கும். எத்தனை வருடம் பிரிண்ட் போட்டாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இருட்டறையில் அதிகமாக நடக்கிற தவறும் இதே நிமிடத்தில்தான் நடக்கிறது. முப்பது விநாடி ஆகும்போதே படம் போதுமான அளவு கறுத்துவிட்டதாகத் தோன்றும். இன்னும் விட்டால் பாழாகிவிடும் என்ற பதற்றத்தில் தாளைத் தூக்கி, டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் போட்டுவிடுவோம். வெள்ளை விளக்கைப் போட்டுப் பார்த்தால் படம் சோகை பிடித்து நிற்கும். கறுப்பு கறுப்பாக இருக்காது, வானம் திட்டுத்திட்டாக இருக்கும். சேஃப்லைட் எனப்படும் அந்தச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் எந்தப் பிரிண்டும் உள்ளதைவிட அடர்த்தியாகத்தான் தெரியும். அங்கே கண்ணை நம்பக் கூடாது, கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். 20 டிகிரியில், பிளாஸ்டிக் பூசிய ஆர்சி தாளுக்குச் சுமார் 1 நிமிடம், அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் தாளுக்கு 2 முதல் 3 நிமிடம். அந்த நேரத்தை முழுதாகக் கொடுத்த பிறகும் படம் கறுப்பாக வந்தால், ஃபிலிமிலுள்ள படத்தைத் தாளில் பெரிதாக விழவைக்கும் என்லார்ஜரில் வெளிச்சம் அதிகமாகக் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்த தாளுக்கு அங்கே குறைக்க வேண்டும்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஃபிலிமில் தவறு நடக்கிற இடம் ஒன்று, அது தெரியவருகிற இடம் இன்னொன்று. கேமராவில் செய்த பிழை இரண்டு வாரம் கழித்து நெகட்டிவில் தெரியும். ஃபிலிமைக் கழுவும் டேங்கில் செய்த பிழை பிரிண்ட் போடும்போது தெரியும். படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் கரைசலில் செய்த பிழை சில வருடம் கழித்து, சுவரில் மாட்டிய படம் மஞ்சளாகும்போது தெரியும். எங்கே பிசகியது என்று புரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்த்து, மூன்றாவது நான்காவது ரோலிலேயே மனம் விட்டுப்போனவர்கள் பலர். இது வீணான இழப்பு. ஒவ்வொரு தவறும் தன் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது, அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கேமராவில்

என் இரண்டாவது ரோலில் கவுண்டர் 36-ஐத் தாண்டி 38 வரை போனது. இரண்டு படம் கூடுதலாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். கழுவிப் பார்த்தபோது ஃபிலிம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. ஃபிலிமின் நாக்கு கேமராவின் வலது பக்கத்து ஸ்பூலில் மாட்டவே இல்லை; 38 முறையும் நான் சுற்றியது வெறும் ஸ்பூலை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பின்மூடியை மூடியதும் ரீவைண்ட் கைப்பிடியை லேசாகத் திருப்பி ஃபிலிமின் தொய்வை எடுத்துவிடுவேன். அடுத்து லீவரைத் தள்ளும்போது அந்தக் கைப்பிடி தானாக எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு நொடிகூட ஆகாது.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பின்னால் எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாத தவறு இது. நெகட்டிவ் ஃபிலிமுக்கு வெளிச்சம் அதிகமானால் ஓரளவு தாங்கும், குறைந்தால் தாங்காது. நிழலான பகுதியில் வெளிச்சம் படாத வெள்ளி உப்புத் துகளை டெவலப்பர் என்ன செய்தாலும் படமாக்க முடியாது. அங்கே எதுவும் பதிவாகவில்லை, அவ்வளவுதான். டேங்கில் கூடுதல் நேரம் வைத்து 'புஷ்' செய்தாலும் வெளிச்சமான பகுதிகள்தான் மேலும் அடர்த்தியாகும். இருண்ட மூலையில் இல்லாத விவரம் வந்துவிடாது. ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் படம் எடுக்கும்போது வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஜன்னலைப் படித்துவிட்டு வெளிச்சம் தாராளம் என்று சொல்லும். அதை நம்பாமல் ஆளின் பக்கத்தில் போய், முகத்தின் நிழல் பக்கத்தில் அளந்துவிட்டு வந்து எடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடுதலாகவே கொடுக்கலாம். ஸ்லைடு ஃபிலிமுக்கு மட்டும் இது நேர் எதிர். அங்கே வெளிச்சம் கூடினால் வெளுத்துப்போகும்.

பழைய கேமராக்களில், ஃபிலிமின் வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை நாமே திருப்பி வைக்க வேண்டும். போன ரோல் 400, இப்போது போட்டிருப்பது 100, டயல் இன்னும் 400-லேயே இருக்கிறது என்றால் முழு ரோலும் இரண்டு ஸ்டாப் குறைவு. 1960, 70-களின் சில கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அதே இடத்தில் 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் மீட்டர் ஓடும், ஆனால் தப்பாகக் காட்டும். இன்னொரு மீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பின்மூடியின் ஓரத்திலுள்ள கறுப்பு ஸ்பஞ்ச் பிசுபிசுவென்று உதிர்கிறதா என்றும் பாருங்கள். வெளிச்சம் கசிவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். விமானப் பயணம் என்றால் ஃபிலிமைக் கையில் கொடுத்து, ஸ்கேனரில் விடாமல் சோதிக்கச் சொல்லுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் ஒரே தடவையில் ஃபிலிமில் மூட்டம் போட்டுவிடும்.

டேங்கில்

ஃபிலிமை சிவப்பு விளக்கில் பிரிக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. அச்சுத் தாளுக்குச் சிவப்பு தெரியாது, இன்றைய ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆகவே முழு இருட்டு, அல்லது கைகளை நுழைத்து வேலை செய்யும், வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக். ஃபிலிமைச் சுற்றும் ரீல் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. பைக்குள் கை வியர்த்தாலும் இதே கதைதான். ஒரு பழைய ரோலைத் தியாகம் செய்து முதலில் வெளிச்சத்தில், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, பத்துத் தடவை சுற்றிப் பழகுங்கள். சுற்றி முடித்த பிறகு இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டும்: ரீலின் நடுவே போகும் அந்தக் கறுப்புக் குழாய். ரீலைத் தாங்குவதற்கான தண்டு அது என்று நினைத்து, இருட்டில் அதை வெளியிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பல பிளாஸ்டிக் டேங்குகளில் வெளிச்சத்தை மறிப்பதே அந்தக் குழாயும் புனல் மூடியும் சேர்ந்துதான். அது இல்லாவிட்டால் டேங்க் மூடியிருந்தும் திறந்த மாதிரி.

டெவலப்பரில் வெப்பநிலைதான் முதல் விஷயம். எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். கரைசல் 24 டிகிரிக்கு ஏறிவிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் சீராக வராது. அப்போது டெவலப்பரில் தண்ணீர் கூடுதலாகக் கலந்து நேரத்தை நீட்டுங்கள். ஆட்டுவதும் அளவோடுதான். ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து விநாடிக்குள் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். ஷேக்கர் மாதிரி குலுக்கினால் ஓரத்துத் துளைகளுக்கு நேராகக் கோடு கோடாக விழும். கவிழ்த்து முடித்ததும் டேங்கை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குமிழ் விலகிவிடும். விலகாத குமிழ் நெகட்டிவில் வட்டமான வெறும் புள்ளியாக நின்று, பிரிண்டில் கரும்புள்ளியாக வரும்.

ஃபிக்ஸரைக் குத்துமதிப்பாக நம்பக் கூடாது. ஃபிக்ஸராகப் பயன்படும் ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தது 1819-இல். இன்றைய ஃபிக்ஸர்களும் அதே தயோசல்ஃபேட் குடும்பம்தான். சோதிப்பது எளிது. ரோலின் தொடக்கத்தில் வெட்டிப்போடும் துண்டை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் முக்கி, பால் நிறம் போய்த் தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் முழு ரோலுக்குக் கொடுங்கள். புது ஃபிக்ஸருக்கு ஆன நேரத்தைப் பாட்டிலில் எழுதி வையுங்கள். தெளியும் நேரம் அதைவிட இரட்டிப்பாகிவிட்டால் அந்த ஃபிக்ஸர் தீர்ந்துவிட்டது. பழைய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது, அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நெகட்டிவ் கலங்கலாக வெளியே வந்தால் பதற வேண்டாம். புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் தெளிந்துவிடும்.

கடைசியில், தண்ணீர் ஃபிலிமில் சொட்டாகத் தங்காமல் வழிய, தண்ணீரில் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு. அதிகம் விட்டால் அதுவே கறை ஆகும். ஈர ஃபிலிமை விரலால் வழிக்காதீர்கள், அந்த நேரத்தில் ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சு பூவை விட மென்மையாக இருக்கும்.

ஓரத்து எண்களைப் படிப்பது

நெகட்டிவ் காய்ந்ததும் படங்களைப் பார்க்கத்தான் கை துடிக்கும். அதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள். படத்தின் எண்ணும் ஃபிலிமின் பெயரும் அங்கே இருக்கின்றனவே, அவை ஃபிலிம் தயாராகும்போதே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. டேங்கில் நடந்தது மட்டும்தான் அவற்றில் தெரியும்.

எண்கள் நல்ல கறுப்பாக இருந்து படங்கள் மெலிந்திருந்தால், கழுவியது சரி, கேமராவில் வெளிச்சம் போதவில்லை. எண்களும் மங்கல், படங்களும் மங்கல் என்றால் டெவலப்பர் நேரம் குறைவு, அல்லது கரைசல் ரொம்பக் குளிர்ந்திருந்தது, அல்லது பழசு. எண்கள் பளிச்சென்று இருந்து படமே இல்லை என்றால், என் இரண்டாவது ரோலுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கிறது. எண்களும் இல்லை, படமும் இல்லை, வெறும் தெளிவான ஃபிலிம் என்றால் டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது, இல்லாவிட்டால் ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். பாட்டில்களில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். எண்கள் உட்பட ஓரம் வரை எல்லாமே கருத்திருந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது. அந்த நடுக்குழாயை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் ஒரு ஜன்னலுக்கு எதிரே ஃபிலிமைப் பிடித்து அரை நிமிடத்தில் படித்துவிடலாம். கூடவே ஒரு சின்ன நோட்டு இருந்தால் போதும்: ஃபிலிம், டெவலப்பர், வெப்பநிலை, நேரம். அடுத்த ரோலில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

என்லார்ஜருக்கு அடியில்

வெவ்வேறு நேரம் வெளிச்சம் கொடுத்துப் பார்க்கும் சோதனைத் துண்டான டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் தாளை மிச்சம் பிடிப்பது தவறான சிக்கனம். விரல் அகலத் துண்டில் ஐந்து நேரங்களைக் கொடுத்தால், ஒரு கோட்டில் சுவர், அடுத்ததில் முடி, அதற்கடுத்ததில் வானம் என்று விழும். எதை எதோடு ஒப்பிடுவது? எல்லாக் கோட்டிலும் ஒரே முக்கியமான பகுதி, முகமோ வெள்ளைச் சட்டையோ, கொஞ்சமாவது வருகிற மாதிரி துண்டை வையுங்கள். வெளிச்சமான பகுதி சரியாக வருகிற நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் கறுப்பைப் பாருங்கள். கறுப்பு சாம்பலாக நின்றால், கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் மல்டிகிரேட் ஃபில்டரில் ஒரு படி மேலே, விவரமே இல்லாமல் அடைத்துப்போனால் ஒரு படி கீழே. நேரத்தையும் ஃபில்டரையும் ஒரே தாளில் மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சேஃப்லைட்டைச் சோதிக்கத் தாளில் காசு வைத்துப் பார்ப்பார்கள். புதுத் தாளில் அப்படிச் செய்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது, விளக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடுவோம். தாள் கறுக்கத் தொடங்க ஓரளவு வெளிச்சம் சேர வேண்டும். படம் விழுந்த தாளில் அந்த அளவு ஏற்கெனவே தாண்டியிருக்கும், அதனால் பலவீனமான சிவப்பு வெளிச்சம்கூட அதில் மூட்டம் போடும். ஆகவே முதலில் என்லார்ஜரில் தாளுக்கு லேசான சாம்பல் வருமளவு வெளிச்சம் காட்டிவிட்டு, அதன்மேல் காசை வைத்து, சேஃப்லைட்டின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்யுங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். வெள்ளை நிறம் என்ன செய்தாலும் மந்தமாக வருகிறது என்று மாதக்கணக்கில் தவிப்பவர்களுக்குக் காரணம் பல நேரம் இதுதான்.

லென்ஸை முழுக்கத் திறந்தும் வைக்காதீர்கள், முழுக்கச் சுருக்கியும் வைக்காதீர்கள். திறந்த நிலையிலிருந்து இரண்டு ஸ்டாப் உள்ளே வந்தால் பெரும்பாலான லென்ஸ்கள் கூர்மையாக இருக்கும். நெகட்டிவில் தூசி இருந்தால் ஊதுகுழலால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடுக்கி. ஃபிக்ஸர் ஒரு சொட்டு டெவலப்பரில் விழக் கூடாது.

முதல் நேரான பிரிண்ட் வந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதையும் தவறு என்றுதான் சொல்வேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானத்தில் மேகத் தடங்கள் தெரியும். பிற்காலத்தியவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றேதான். ஒரு மூலையைக் கையால் மறைத்து வெளுப்பாக்குவதும், இன்னொரு மூலைக்கு மட்டும் கூடுதல் விநாடி கொடுத்துக் கறுப்பாக்குவதும் இருட்டறையின் உண்மையான சுகம். கை மட்டும் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் அதன் விளிம்பு தாளில் விழும். அசைந்துகொண்டே இருந்தால் யாருக்கும் தெரியாது.

பிரிண்டைக் கழுவி ஈரத்தோடு கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்க்கும்போது அவ்வளவு பிரகாசமாக இருக்கும். ஃபைபர் தாள் என்றால் அதை அங்கேயே முடிவென்று எடுத்துக்கொள்ளாதீர்கள், காயும்போது ஒரு சாயல் கறுத்துவிடும். முகத்தின் வெளுப்பு ஈரத்தில் சரியாகத் தெரிந்த நேரத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை குறைத்து இன்னொரு தாளும் போட்டு வையுங்கள். இரண்டையும் வலையில் காயவிட்டு, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.