பழைய ஜீப்பின் முன்சக்கர பேரிங்: வீட்டிலேயே பிரித்து, கிரீஸ் மாற்றிப் பூட்டுவது எப்படி?

ஓடைகளிலும் சேற்றிலும் ஓடும் பழைய ஜீப்பில் சக்கர பேரிங் வயதாகிச் சாவது குறைவு. பெரும்பாலும் அதைக் கொல்வது தண்ணீர்தான். வெறும் கிரீஸை மட்டும் மாற்றிவிட்டு, தண்ணீர் புகுந்த வழியை அடைக்காமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே சத்தம் திரும்ப வரும். ஆகவே கிரீஸ், தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீல், ஆக்சில் மூச்சுவிடும் துளையான பிரீதர் மூன்றையும் ஒரே வேலையாக இங்கே பார்க்கிறோம்.

வில்லிஸ் சிஜே-3பி, அதன் உரிமத்தில் மஹிந்திரா செய்த பழைய டிரம் பிரேக் ஜீப்கள் ஆகியவற்றின் முன்சக்கர அமைப்புக்கு இந்த முறை பொருந்தும். வில்லிஸில் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டுக்கும் ஒரே பேரிங்: கோன் (உருளைகள் கோத்த உள்வளையம்) 18590, கப் (வெளிவளையம்) 18520. ஆனால் பல கைகள் மாறிய வண்டியில் என்னவெல்லாம் மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கழற்றிய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்த பிறகே புதியதை வாங்குங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஜாக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, சர்க்கிளிப் பிளையர், பித்தளைக் கம்பி, சுத்தியல், மண்ணெண்ணெய், பழைய துணி. ஸ்பிண்டில் (சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் சுழலும் நிலையான குழல்) நட்டுக்குத் தனி ஸ்பேனர் வேண்டும். கடையில் ‘ஜீப் ஹப் ஸ்பேனர்’ என்று கேட்டால் தருவார்கள். உளியை வைத்துத் தட்டி அந்த நட்டைத் திருப்பாதீர்கள். முனைகள் மழுங்கிப்போனால் பிறகு சரியாக டைட் வைக்கவே முடியாது. சக்கரத்துக்கு ஒன்றாக புதிய ஆயில் சீல், புதிய லாக் வாஷர், ஃபிளாஞ்சுக்கான (ஆக்சிலை ஹப்போடு இணைக்கும் தட்டு) காகித கேஸ்கெட் ஆகியவையும் தேவை. கிரீஸ் லித்தியம் வகையாக, டப்பாவில் வீல் பேரிங்குக்கு என்று குறிப்பிட்டதாக இருக்கட்டும். இரண்டு சக்கரங்களுக்கு அரைக் கிலோ டப்பா ஒன்று போதும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலையில் இறங்கக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில் இருக்கிறது. பிரேக் பிடித்த பிறகும் ஆடினால், ஸ்டீயரிங்கில் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பினின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அது வேறு வேலை. வீல் பேரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆட்டம் போகாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல பேரிங்கைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

பிரித்தல்

1. சக்கர நட்டுகளைப் பார்த்த பிறகு ஸ்பேனரை வையுங்கள். பழைய ஜீப்களில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடதுகை மறை இருக்கும். அதைக் கழற்ற வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஸ்டட்டிலோ நட்டிலோ ‘எல்’ எழுத்து தெரிந்தால் அது இடதுகை மறை. தெரியாமல் முழு பலத்தையும் போட்டால் ஸ்டட் ஒடியும்.

2. ஹப் மூடியைத் தட்டி எடுங்கள். ஆக்சில் முனையில் சர்க்கிளிப் இருக்கும். சில வண்டிகளில் ஸ்பிளிட் பின் போட்ட நட் இருக்கும். அதை எடுத்து, ஃபிளாஞ்சின் ஆறு போல்ட்டுகளையும் கழற்றி ஃபிளாஞ்சை இழுங்கள். லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவுவது) போட்ட வண்டியானால் அதன் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே துணிமேல் அடுக்கி வையுங்கள்.

3. லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி வெளி நட்டையும், பிறகு வாஷர், உள் நட், நாக்கு வாஷர் என்ற வரிசையில் மற்றவற்றையும் எடுங்கள். ஹப்பை லேசாக ஆட்டி இழுத்தால் வெளி பேரிங் முன்னால் வரும். கீழே விழாமல் கையில் ஏந்திக்கொள்ளுங்கள்.

4. டிரம்மும் ஹப்பும் சேர்ந்து வரும். ஷூ பிடித்துக்கொண்டால் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கும். அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

5. பின்பக்க சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் கைக்கு வரும். பழைய சீலைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

கிரீஸ் என்ன சொல்கிறது

கழுவுவதற்கு முன் கிரீஸின் நிறத்தை நன்றாகப் பாருங்கள். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெய் போல நீர்த்து, கியர் ஆயில் வாசனை வந்தால் ஆக்சிலின் உள் சீல் போய்விட்டது. டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) வழியாக ஹப்புக்கு வந்து கிரீஸைக் கரைக்கிறது. அந்த சீலை மாற்றாமல் புது கிரீஸ் வைப்பது வீண் செலவு. ஷூவில் எண்ணெய் ஊறியிருந்தால் இரண்டு பக்க ஷூக்களையும் ஜோடியாக மாற்றுங்கள். தீயில் காட்டி எரித்தெடுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அந்த ஷூ மறுபடி சமமாகப் பிடிக்காது. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி நிழலில் உலர விடுங்கள். ஏர் அடித்துச் சுழற்றாதீர்கள். கழன்ற உருளை கண்ணில் தெறிக்கும். உருளைகளில் குழி, நீலநிறம், கப்பில் வரிவரியாகப் பள்ளம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கோனையும் கப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோன் ஓடினால் சீக்கிரமே அதுவும் குழிவிழும். கப்பைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுக்கலாம். புதுக் கப்பைப் பழைய கப்பால் தட்டி இறக்குங்கள். அடிமட்டத்தில் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை கனத்துக் கேட்கும், அதுவரை நிறுத்தாதீர்கள்.

கிரீஸ் வைத்துப் பூட்டுதல்

உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி வரவேண்டும். மேலே பூசுவது கணக்கில் வராது. ஹப்பின் உட்சுவரில் மெல்லிய பூச்சு போதும். முழுவதும் அடைத்தால் சூட்டில் கிரீஸ் விரிந்து சீலைத் தாண்டி டிரம்முக்குள் போகும். பழைய கிரீஸோடு வேறு வகையைக் கலக்கவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து நீர்த்துவிடலாம்.

உள் பேரிங்கை வைத்து, சீலின் உதடு பேரிங்கைப் பார்த்தபடி சமமாகத் தட்டி இறக்குங்கள். ஸ்பிண்டிலில் சீல் உரசும் இடத்தில் துரு இருந்தால் 400 எண் எமரி தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் புது சீல் கிழியும்.

இனிதான் நிதானம் வேண்டிய இடம். ஹப், வெளி பேரிங், நாக்கு வாஷர், உள் நட் என்று ஏற்றி, ஒரு கையால் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் நட்டை இறுக்குங்கள். ஹப் பிடிக்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஆறில் ஒரு சுற்று பின்னால் திருப்புங்கள். ஆறுமுக நட்டில் அது ஒரு முகத்தின் அளவு. ஹப் தாராளமாகச் சுழல வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. புது லாக் வாஷரைப் போட்டு வெளி நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை சுழற்றிப் பாருங்கள். வெளி நட் இறுகும்போது உள் நட்டை அழுத்தும். டைட் கூடியிருந்தால் கழற்றி மறுபடி வையுங்கள். சரியானதும் வாஷரின் விளிம்பை வெளி நட்டின் மேல் மடியுங்கள்.

ஃபிளாஞ்சை இதற்கெல்லாம் பிறகே பூட்ட வேண்டும். முன்பே பூட்டினால் ஆக்சிலும் சேர்ந்து சுழன்று, அதன் கனத்தை பேரிங்கின் டைட் என்று நினைக்க வைக்கும்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு நட்டைப் பாருங்கள். சக்கர நட்டுகளையும் அப்போது இன்னொரு முறை இறுக்குங்கள்.

தண்ணீர் வரும் வழியை அடைத்தல்

சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. பிரீதர் அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சல் சீல்கள் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதர் திறந்திருந்து தண்ணீருக்குள் மூழ்கினால் அதன் வழியாகவே உள்ளே போகும். ஆகவே ஆக்சில் மேலுள்ள பிரீதரைக் கழற்றி, அதே மறையில் குழாய் மாட்டும் நிப்பிளைப் போடுங்கள். எரிபொருள் குழாய் ஒன்றை அதில் மாட்டி, எஞ்சின் அறையின் பின்சுவரில் உயரமான இடம்வரை கொண்டுபோய், முனையில் சிறிய பெட்ரோல் ஃபில்டரைச் செருகுங்கள். ஸ்பிரிங் முழுவதும் தாழும்போது குழாய் இழுபடாத அளவு தளர்வு விட வேண்டும். புகைக்குழாய்ப் பக்கம் போக விடாதீர்கள். பின் ஆக்சிலுக்கும் இதையே செய்யுங்கள்.

ஹப்புக்கு பிரீதர் கிடையாது. மலையிறக்கத்தில் பிரேக் அடித்து வந்த வண்டியை நேராக ஓடையில் இறக்காமல் கால் மணி நேரம் கரையில் நிறுத்தி ஆறவிடுங்கள். அச்சு உயரத்துக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டிக்கு, அந்த வாரமே ஒரு ஹப்பைத் திறந்து கிரீஸின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.